இனி எல்லாம் சாப்பிடலாம்

எனக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்த அதே கிழமையில்தான் அக்காவின் சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகிவிட்டன என்று சொன்னார்கள். என்னுடைய செய்தி வெள்ளவத்தையில், காலி வீதியிலுள்ள ஒரு மருத்துவ நிலையத்தின் மாடியில், குளிரூட்டிய அறைக்குள் கிடைத்தது. அக்காவின் செய்தி அரசாங்க ஆஸ்பத்திரி விறாந்தையில், ஆட்கள் இடித்துக்கொண்டு போகும் இடத்தில், நின்றபடி கேட்டது. இரண்டையும் கேட்டவன் நான்.

என் கதை சாதாரணமானது. கொழும்புக் கோட்டையில், கப்பலில் வரும் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனியில் எனக்கு வேலை. நாள் முழுவதும் சின்ன எழுத்துகளை வாசிக்க வேண்டும். புதுக் கண்ணாடி போட்டுச் சில மாதங்கள்கூட ஆகவில்லை, எழுத்துகள் மறுபடி கலங்கத் தொடங்கின. கண்ணாடிக் கடைக்குப் போனேன். கண்ணைப் பார்த்த பெண் கருவியைத் தள்ளி வைத்துவிட்டு, "ஐயா, நான் இண்டைக்குக் கண்ணாடிக்கு எழுதமாட்டன். முதல்ல சீனியைச் செக் பண்ணிக்கொண்டு வாங்கோ" என்றாள்.

பரிசோதனைத் தாளைப் பார்த்த டொக்டர் நிமிரவில்லை.

"குளிசை எழுதிறன். காலமை ஒண்டு, பின்னேரம் ஒண்டு. சாப்பாட்டையும் மாத்த வேணும். சோறு, பாண், இடியப்பம், மாச்சாமான் எல்லாம் அளவோடை."

"அளவெண்டா எவ்வளவு டொக்டர்?"

"குறையுங்கோ."

வெளியே கதிரைகள் நிறைந்திருந்தன. அடுத்த ஆளைக் கூப்பிட மணி அடித்தது. 'குறையுங்கோ' என்ற அந்த ஒரு சொல்லோடு நான் மாடியிலிருந்து இறங்கி வந்தேன்.

அக்கா எனக்குப் பத்து வயது மூத்தவர். துறைமுகத்தில் வேலை பார்த்த அத்தானைக் கலியாணம் செய்து கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையை விட்டு வேறெங்கும் குடிபோகவில்லை. பிள்ளைகள் இல்லை. வேலை கிடைத்து நான் கொழும்புக்கு வந்த தொடக்கத்தில் அவர்களுடைய முன்னறையில்தான் பாய் விரித்துப் படுத்தேன். அந்த உரிமையில் அவர் என்னைக் கடைசிவரை ஏசினார்.

அவருக்குச் சீனி வருத்தம் வந்து கனகாலம். அதில் அவருக்கு ஒரு பெருமையும் இருந்தது. "நான் சீனியைக் கையாலையும் தொடுறேல்லை" என்பார். அது உண்மை. வெறும் தேத்தண்ணிதான் குடித்தார். கலியாண வீடுகளில் பாயாசத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார். பொங்கலன்று பொங்கி ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுத் தான் வாயில் வைக்கமாட்டார். ஆனால் காலையில் பாண், மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, இரவில் பிட்டு. இனிக்காத ஒன்று உடம்புக்குள் போய்ச் சீனியாகும் என்பதை அவர் நம்பவில்லை. கிளினிக்கில் யாராவது சொல்லியிருப்பார்கள். நெரிசலுக்குள், அவசரத்தில், சிங்களத்தில்.

"சோறு எப்பிடியடா வருத்தமாகும்?" என்று ஒருமுறை என்னைக் கேட்டார். "அப்ப சனம் எதைத் தின்னுறது?"

ஆஸ்பத்திரியில் அக்காவை அனுமதித்த அன்று ஓர் இளம் பெண் டொக்டர் எங்களிடம் வந்தார். சிங்களத்தில் அத்தானைக் கேட்டார்: வீட்டு வைத்தியம் ஏதாவது செய்தீர்களா? சாறு, கஷாயம் ஏதும் குடித்தாரா? கமரங்கா?

கமரங்கா என்பது குறுக்கே வெட்டினால் நட்சத்திரம்போல் இருக்கும் அந்தப் புளிப்புக் காய். அக்கா வீட்டுக்குப் பக்கத்து வளவில் ஒரு மரம் நின்றது. சீனிக்கு நல்லது என்று கோயிலில் யாரோ ஒரு அம்மா சொல்லியிருக்கிறார்.

அத்தானின் முகம் மலர்ந்தது. துறைமுகத்தில் பழகிய சரளமான சிங்களத்தில், "ஓம் மிஸ், ஒவ்வொரு நாளும் விடிய வெறுவயித்திலை. நான்தான் பிழிஞ்சு குடுக்கிறனான். ஒரு நாளும் தவறவிட்டதில்லை" என்றார்.

டொக்டர் ஏசவில்லை. கையிலிருந்த தாளில் எதையோ எழுதினார். சீனியால் சிறுநீரகங்கள் ஏற்கெனவே பலவீனப்பட்டிருக்கின்றன, அப்படிப்பட்டவர்களுக்கு அந்தச் சாறு நஞ்சு என்று மெல்லச் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அத்தான் அப்படியே நின்றார். அவருடைய வலது கை விரல்கள் மடங்கி விரிந்தன, எதையோ பிழிவதுபோல.

நான் வீட்டுக்கு வந்து சோற்றை விட்டேன்.

குறைக்கவில்லை, விட்டேன். அக்காவின் வீங்கிய முகத்தையும் கழுத்தில் குத்தியிருந்த குழாயையும் பார்த்துவிட்டு வந்த எனக்கு 'அளவு' என்ற சொல் ஏமாற்றுப்போல இருந்தது. பாண், இடியப்பம், தோசை, உழுந்து வடை, வாழைப்பழம் எல்லாவற்றையும் விட்டேன். காலையில் ஒன்றுமில்லாத தேத்தண்ணி. மத்தியானம் கந்தோர் வேலைக்கிடையில் அவித்த கோவா இலையும் வெள்ளரிக்காயும். இரவில் வல்லாரையோ பொன்னாங்காணியோ, ஒரு துண்டு மீனோ. குளிசைகளை மட்டும் ஒழுங்காகப் போட்டேன்.

வெள்ளவத்தையில் பசியோடு நடப்பது கடினம். பஸ்ஸால் இறங்கி வீட்டுக்குப் போகும் பத்து நிமிடத்துக்குள் சுடச்சுட வடை போடுகிறார்கள், கொத்துரொட்டி கொத்துகிறார்கள், பேக்கரிக் கதவு திறக்கும்போதெல்லாம் பணிஸ் வாசம் முகத்தில் அடிக்கிறது. நான் கடற்கரைப் பக்கம் இறங்கி, ரயில் பாதையோரமாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகப் பழகினேன்.

என் மனைவி பள்ளிக்கூட ரீச்சர். முதல் கிழமை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் கிழமை, ஆக்கிய சோற்றை மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் வந்து இருந்தார்.

"நான் சமைக்கிறதிலை என்ன குறை?"

"குறை ஒண்டுமில்லை. வருத்தக்காரன் சாப்பிடக்கூடாது, அவ்வளவுதான்."

"டொக்டர் குறைக்கச் சொன்னவரோ, விடச் சொன்னவரோ?"

"உமக்கு விளங்காது. நீர் அக்காவைப் பாக்கேல்லை."

"பாத்தனான். அதாலைதான் கேக்கிறன். நீங்கள் வருத்தத்துக்குப் பயந்து பட்டினி கிடக்கிறியள். இது பத்தியமில்லை."

அவர் தன் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய், நின்றபடியே சாப்பிட்டார். அதற்குப் பிறகு பல நாட்கள் நாங்கள் சேர்ந்திருந்து சாப்பிடவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டுக்குப் போன பிறகு எங்கள் இருவருக்கும் பேச்சு நடப்பதே சாப்பாட்டு மேசையில்தான். சாப்பாடு போனதும் பேச்சும் போனது.

காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. கந்தோரில் முதலில் "ஆள் இளமையாகிட்டீர்" என்றார்கள். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அடிக்கடி கை நடுங்கியது, வியர்த்தது. வருத்தம் முற்றுகிறது என்று நினைத்து இன்னும் குறைத்தேன். சீனி இறங்கினாலும் ஆள் விழும் என்று எனக்குத் தெரியாது. கூடுவதுதான் வருத்தம் என்று நினைத்திருந்தேன்.

அப்போது அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். கிழமைக்கு இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். சனிக்கிழமைகளில் நான் கொட்டாஞ்சேனைக்குப் போவேன். ஒரு சனி, குளிசையைப் போட்டுக்கொண்டு, ஒன்றும் சாப்பிடாமல், கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். இருக்க இடமில்லை. நகர மண்டபத்தைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் இருந்தவர்களின் முகங்கள் தூரப் போயின. கொண்டக்டர் காசு கேட்டார். எனக்குக் கேட்டது. சட்டைப்பையில் காசு இருப்பதும் தெரிந்தது. ஆனால் கை எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. சட்டை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஏதோ சொன்னேன். நாக்குப் புரளவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் மடியில் விழப் பார்த்தேன், அவள் கத்தினாள்.

"மேயா பீலா," என்று யாரோ சொன்னார்கள். இந்த ஆள் குடித்திருக்கிறான்.

"காலமையே தொடங்கிட்டான்," இது தமிழில், பின்னாலிருந்து.

ஐம்பது வயதாகியும் நான் சாராயத்தை வாயில் வைத்ததில்லை. அதைச் சொல்ல முயன்றேன். வாயிலிருந்து வந்தது உளறல். "பஹின்ன, பஹின்ன" என்று கொண்டக்டர் என் தோளைப் பிடித்து இறக்கினார். அடிக்கவில்லை, தள்ளவும் இல்லை. குப்பைப் பையை இறக்கி வைப்பதுபோல மருதானைச் சந்தியில் இறக்கிவிட்டுப் போனார். ஒரு கடையின் மூடிய இரும்புக் கதவில் சாய்ந்தேன், பிறகு சரிந்து இருந்தேன். ஆட்கள் என்னைச் சுற்றி விலகி நடந்தார்கள். அவர்களுடைய செருப்புகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படித்தான் சாவு வரும்போலும் என்று நினைத்தது நினைவிருக்கிறது. பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

இரண்டு சோடிச் செருப்புகள் நின்றன. ஒரு முஸ்லிம் பெண்ணும் அவருடைய மகளும். அந்தப் பெண் குனிந்து என் முகத்தருகே மணந்து பார்த்தார்.

"குடிச்ச மணம் இல்ல," என்று மகளிடம் சொன்னார். பிறகு என்னிடம், "சீனி இருக்கா உங்களுக்கு? வருத்தம் இருக்கா?"

தலையை ஆட்டினேன் என்று நினைக்கிறேன்.

"எங்கட வாப்பாவும் இப்பிடித்தான் விழுவாரு." மகளின் கையிலிருந்த குளிர்பானப் போத்தலைப் பறித்து என் உதட்டில் வைத்தார். "குடிங்க. துப்பாதீங்க. குடிங்க."

மூன்று மாதமாக இனிப்பைத் தொடாத நாக்கில் அது பட்டபோது கண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் சந்தி தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. கடைகளின் பெயர்களை வாசிக்க முடிந்தது. அந்தப் பெண் என் தொலைபேசியை வாங்கி மனைவிக்கு அழைப்பு எடுத்தார். மனைவி ஓட்டோவில் வந்து சேரும்வரை தாயும் மகளும் என்னோடு நின்றார்கள். பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவர்களுக்கும் அவசரம் இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைக் கதிரையில் இருத்தி, சோறும் பருப்பும் குழைத்து, சின்னப் பிள்ளைக்குத் தருவதுபோல என் கையில் உருண்டையாக வைத்தார். நான் சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை மனைவியே என்னை வேறொரு கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனார். சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதற்கென்றே அங்கே ஓர் ஆள் இருந்தார். அவர் உண்மையான சாப்பாட்டுக் கோப்பை ஒன்றை மேசையில் வைத்து, பாதிக்கு மரக்கறியும் இலைக்கறியும், காலுக்கு மீனோ பருப்போ, மிச்சக் காலுக்குச் சோறு என்று விரலால் கோடு போட்டுக் காட்டினார். குளிசை போட்டால் சாப்பிடாமல் இருக்கக்கூடாது என்றும் சொன்னார். முன்பே ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் ஒரு நிமிடம்தான் போயிருக்கும். அன்று முதல் நான் மூன்று நேரமும் சாப்பிடுகிறேன். சோறு ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு. பசி முழுதாக அடங்குவதில்லை. ஆனால் விழவில்லை.

சனிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனையில்தான் விசித்திரம் நடந்தது. எனக்கு எழுதிக் கொடுத்த நல்ல சாப்பாடெல்லாம் அக்காவுக்குக் கூடாத சாப்பாடு. இலைக்கறி கூடாது, பருப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, மாம்பழம், இளநீர் எதுவும் கூடாது. உப்பு இல்லை. வெள்ளைச் சோறு மட்டும் சாப்பிடலாம். எவ்வளவோ காலம் எதைச் சாப்பிட்டு வருத்தத்தை வளர்த்தாரோ அது இப்போது அவருக்குத் தடையில்லை. எதை அன்றைக்கே சாப்பிட்டிருக்க வேண்டுமோ அது இன்று நஞ்சு. நான் முதல் தடவை மறதியாக முருங்கையிலை வாங்கிக்கொண்டு போனபோது அக்கா சிரித்தார்.

"கொண்டுபோ, கொண்டுபோ. உன்ரை மருந்து என்ரை பாடை."

சமையல் அத்தானின் கையில். ஆஸ்பத்திரியில் அந்த டொக்டரோடு கதைத்த நாளிலிருந்து அவர் அக்காவைக் குசினிக்குள் விடவில்லை. பழுதான சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத உப்புகள் கரைந்து போகட்டும் என்று, மரக்கறியைச் சின்னதாக வெட்டி ஊறவைத்து, அவித்து, அவித்த தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் அவிப்பார். கடைசியில் அதில் நிறமும் இருக்காது, மணமும் இருக்காது. எனக்கு இலைக்கறி தனியாக. தனக்கென்று ஒன்றும் சமைக்கமாட்டார். அக்காவின் மிச்சத்தை, உப்புப் போடாமலே சாப்பிடுவார்.

"அத்தான், நீங்களாவது கொஞ்சம் உப்புப் போட்டுச் சாப்பிடுங்கோவன்," என்றேன் ஒரு நாள்.

"நானோ?" என்றார். "நான் ஏன்?"

சாப்பாட்டைவிடத் தண்ணீர்தான் அக்காவை வதைத்தது. சிறுநீர் போகாத உடம்புக்குள் தண்ணீர் தேங்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல்தான். தேத்தண்ணி, சொதி, குளிசைக்கு விழுங்குவது எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கொட்டாஞ்சேனையின் சித்திரை வெயிலில், தகரம் போட்ட பின்னறையில், அவர் ஈரத் துவாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு இருப்பார். சில நேரம் ஒரு சிறிய ஐஸ்கட்டி. அதைக் கடிக்காமல், கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நான் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவர் என் பக்கம் பார்க்கமாட்டார். குழாயின் சத்தம் கேட்கக்கூடாது என்று நான் வெளியே போய்க் கழுவப் பழகினேன்.

"உனக்குப் பசி, எனக்குத் தாகம்," என்றார் ஒரு நாள். "எது கொடுமை?"

"எப்பிடிச் சொல்லுறது அக்கா?"

"பசி பழகிப்போகும். நானும் பட்டினி இருந்தனான்தானே, அந்தக் காலத்திலை, இடம்பெயர்ந்த நேரம். ரெண்டு நாளையாலை பசி தன்ரை பாட்டிலை படுத்திடும். தாகம் படுக்காது தம்பி. அது நிண்டுகொண்டே இருக்கும்."

ஒரு பின்னேரம் குளிக்கப் போன அக்கா வெளியே வர நேரமெடுத்தார். அத்தான் கதவைத் தட்டித் திறந்தபோது, வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம். மூச்சு வாங்கியது. இயந்திரத்தில் மேலதிகமாக ஒரு நாள் போட்டுத் தண்ணீரை எடுத்தார்கள். மறுநாள் நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவரே சொன்னார்.

"நான் குடிக்கேல்லை. தலையிலை வார்க்கேக்கை வாயைத் திறந்தனான், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதற்குப் பிறகு இருதயம் சோர்ந்துவிட்டது. இயந்திரத்தில் போட்டால் பிரஷர் விழுந்துபோகும், பாதியில் நிறுத்துவார்கள். கையில் ஊசி குத்தும் இடம் சீழ் வைத்தது. ஒரு முறை அனுமதித்தவர்கள் பிறகு வீட்டுக்கு விடவில்லை. பெரிய டொக்டர் சுற்றிப் பார்த்துவிட்டுப் போகும்போது அத்தானையும் என்னையும் விறாந்தைக்குக் கூப்பிட்டார். மெசினில் இனிப் போட முடியாது என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். அத்தானுக்கு ஆங்கிலம் தெரியாது. அவர் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் ஒரே ஒரு வசனம்: "தென் ஓன தெயக் தென்ன." இனி என்ன வேண்டுமென்றாலும் கொடுங்கள். அத்தானின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார்.

அத்தான் என்னைப் பிடித்துக் குலுக்கினார்.

"கேட்டியே? விட்டிட்டார்! எல்லாம் குடுக்கலாமாம்!"

அவருடைய கண்களில் நீர் நின்றது. நான் சொல்லியிருக்க வேண்டும். அதற்குள் அவர் படியால் இறங்கிவிட்டார். அந்த வயதில் அவர் அவ்வளவு வேகமாகப் படியிறங்கி நான் கண்டதில்லை.

திரும்பி வரும்போது இரண்டு கையிலும் பைகள். செவ்விளநீர் இரண்டு, கறுத்தக்கொழும்பான் மாம்பழம், கப்பல் வாழைப்பழச் சீப்பு ஒன்று, கடதாசியில் சுற்றிய மீன் பணிஸ், பெரிய தண்ணீர்ப் போத்தல். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலோரத்துச் சின்ன அலுமாரியில் அடுக்கினார். இடம் போதாமல் அக்காவின் காலடியிலும் வைத்தார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன இதெல்லாம்?" என்றார் அக்கா.

"டொக்டர் விட்டிட்டார். இனி நீர் எல்லாம் சாப்பிடலாம். தண்ணியும் குடிக்கலாம், எவ்வளவும் குடிக்கலாம்."

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பார்த்தேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

"அப்ப சரி," என்றார்.

பிறகு அத்தானின் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் இருத்தினார். "இஞ்சருங்கோ. மருந்து இருந்தால்தான் பத்தியம். பத்தியத்தை எடுத்திட்டினமெண்டா மருந்து முடிஞ்சுது எண்டு அர்த்தம். விளங்குதே?"

அத்தானுக்கு விளங்க நேரம் எடுத்தது. விளங்கியபோது அவர் அழவில்லை. கையில் வைத்திருந்த மாம்பழத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தன் மடியில் வைத்தார். கண் அதிலேயே நின்றது. "நான்தானே பிழிஞ்சு தந்தனான்," என்றார். ஒன்றரை வருடத்தில் அதைப்பற்றி அவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"தந்ததை நான்தானே குடிச்சனான்," என்றார் அக்கா. "விடுங்கோ. இளநியை வெட்டிவியுங்கோ, பாப்பம்."

கீழே போய் வெட்டிக்கொண்டு வந்தோம். அக்கா இரண்டு வாய் குடித்தார். மூன்றாவது வாய் இறங்கவில்லை, கடைவாயால் வழிந்தது. இவ்வளவு காலம் ஏங்கிய உடம்புக்கு இப்போது ஏக்கமும் இல்லாமல் போயிருந்தது. "இனிக்குது," என்றார். "காணும்." மிச்சத்தை என்னிடம் நீட்டினார். நானும் குடிக்கக்கூடாதவன். வாங்கி அத்தானிடம் கொடுத்தேன், அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அடுத்து வந்த வியாழக்கிழமை மத்தியானம் அக்கா போய்விட்டார். பழங்களைப் பக்கத்துக் கட்டில்களுக்குக் கொடுத்தோம்.

எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவன்று கொட்டாஞ்சேனை வீட்டில் ஆட்கள் நிறைந்தார்கள். செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படத்துக்கு முன்னால் படைப்பது எங்கள் வழக்கம். வடை, மோதகம், பாயாசம், பயற்றங்காய்க் கறி, முருங்கைக்காய், கத்தரிக்காய்ப் பொரியல். வாழையிலையில் சோறு குவிந்திருந்தது. அக்காவுக்குத் தடுத்திருந்த எல்லாம் அவருக்கு முன்னால் ஆவி பறக்க இருந்தது. படத்தில் அவர் நாற்பது வயதுக்காரராக, கொழுத்த கன்னங்களோடு, கொஞ்சம் கண்டிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் ஒரு சித்தப்பா எனக்கு அள்ளிப் போட வந்தார். நான் கையால் மறித்தேன். இலையில் ஏற்கெனவே விழுந்ததில் பாதியை ஒதுக்கினேன்.

"இண்டைக்கு ஒரு நாள் சாப்பிடன். அக்காவின்ரை எட்டடா."

"காணும் சித்தப்பா."

"கூடப் பிறந்தவளின்ரை சோத்தையும் அளந்தோ தின்னுறாய்?"

உண்மையில் எனக்கு அந்தச் சோறு முழுவதும் வேண்டும்போல் இருந்தது. எட்டு நாள் ஒழுங்கான சாப்பாடு இல்லை. பருப்பும் நெய்யும் மணக்க, வாய் ஊறிக்கொண்டிருந்தது. அக்காவின் படத்துக்கு முன்னால் இருந்து வாயூறுவது எனக்கே அருவருப்பாக இருந்தது.

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி சாம்பார் வாளியைக் கீழே வைத்தார்.

"ஓம், அளந்துதான் சாப்பிடுவார்," என்றார். "இன்னொரு எட்டு எனக்கு வேண்டாம்."

சித்தப்பா அடுத்த இலைக்குப் போனார். அதன் பிறகு யாரும் என்னை வற்புறுத்தவில்லை. சித்தப்பா பக்கத்து உறவுகளில் சிலர் இன்றைக்கும் எங்களைக் கலியாணங்களுக்குச் சொல்வதில்லை. இதற்காகத்தானா என்று எனக்குத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு மனைவி தானும் போய் இரத்தம் கொடுத்துச் சோதித்தார். சீனி எல்லையைத் தாண்டியிருந்தது. தாளைக் கொண்டுவந்து பிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோலப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களைத் திருத்தினார். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு கோப்பைகளை எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோறு போட்டார். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுதார். நான் பக்கத்தில் இருந்தேன். 'ஒண்டுமில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் பொய்.

எனக்குச் சீனி இப்போது கட்டுக்குள் இருக்கிறது. கண் பழையபடி ஆகவில்லை, ஆனால் மோசமாகவும் இல்லை. கால் பெருவிரலில் ஒரு மரத்துப்போன இடம் இருக்கிறது. குளிக்கும்போது அதைத் தொட்டுப் பார்ப்பேன்.

அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் பிடித்து வெள்ளவத்தைக்கு வருவார். அவருக்குச் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. எழுபதைத் தாண்டியும் சோதனைத் தாளில் ஒரு பிழையும் கிடையாது. அவருக்கென்று மனைவி தனியாக ஆட்டிறைச்சிக் கறி வைப்பார், சோற்றைக் குவித்துப் போடுவார். அவர் ஒரு கை அள்ளிப் பிசைந்து, நெடுநேரம் மென்றுவிட்டு, மிச்சத்தை மூடி வைக்கச் சொல்வார்.

"என்ன அத்தான், கறி சரியில்லையோ?" என்று மனைவி கேட்பார்.

"சேச்சே. நல்லாயிருக்கு பிள்ளை. பிறகு சாப்பிடுறன்," என்பார். பின்னேரம் நாலு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிவிடுவார். நான் சந்திவரை நடந்து அவரை ஏற்றிவிட்டு வருவேன். சாப்பிட்ட பின் நடப்பது எனக்கும் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள்.